ஆஜர் புஸ்தகம் யாருக்கு இரங்குகின்றது?

பள்ளிக்கூடத்துக்குச் சரியாய் வராத பிள்ளைகளைப் பரீட்சைக்கு விடலாமா கூடாதா என்கின்ற வாதம் ஒவ்வொரு வருஷமும் மாசி பங்குனியில் கிளம்பி, கோடை லீவு விட்டதும் அடங்கிப் போகின்றது. நூற்றுக்கு 75 நாள்கூட வராதவனுக்குப் பரீட்சை ஒரு கேடா என்று ஒரு சாராரும், வயிற்றுப்பாட்டுக்காக நின்ற ஏழைப் பிள்ளையை இன்னும் ஒரு தள்ளுத் தள்ளலாமா என்று மற்றொரு சாராரும் பேசுகின்றார்கள். ஓசூர்ப் பக்கத்துத் தோழர்கள் சிலர் நம்மிடம் வந்து, “நீங்கள் எந்தக் கட்சி?” என்று கேட்டார்கள்.

நாம் இரண்டு கட்சியிலும் சேருவதாய் இல்லை. 75 என்கின்ற எண்ணைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. மீதி 25-ஐ எவனுக்கு, எந்தக் காரணத்துக்காக மன்னிக்கின்றார்கள் என்பதுதான் நம்முடைய கேள்வி. அதைக் கேட்டால் பல பேருடைய முகம் கறுக்கும். கறுக்கட்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 220 வேலை நாள் இருக்கவேண்டும் என்று சொல்லுகின்றது. ஹைஸ்கூலுக்கும் பேச்சுக்கு அதே எண்ணை வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 75 என்றால் 165 நாள் வந்தால் தீர்ந்தது. 55 நாள் வராமலிருந்தாலும் கேள்வியில்லை. அதற்கும் மேலே நின்றவனுக்குத்தான் மன்னிப்பு வேண்டியிருக்கின்றது. மத்திய சர்க்காருடைய சி.பி.எஸ்.இ. என்னும் போர்டு இதற்கு விதி எழுதி வைத்திருக்கின்றது. கடுமையான வியாதி, தேசிய, சர்வதேச விளையாட்டுப் பந்தயங்கள், இவை போன்ற பெரிய காரணங்கள் இருந்தால் தக்க ஆதாரக் காகிதத்தோடு கேட்கலாமாம். பார்வைக்கு நியாயமாய்த்தான் இருக்கின்றது. ஆனால் டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கக் கையில் காசு உள்ளவனுக்கு ஆதாரம் கிடைக்கும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன தாய் தகப்பனுக்குப் பதிலாய் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு எந்த டாக்டர், எந்த வியாதி என்று எழுதிக் கொடுப்பார்?

விதியைக் காட்டிலும் பெரியது வழக்கம். நம்முடைய பள்ளிக்கூடங்களில் எந்த லீவு லெட்டர் செல்லும், எந்த லெட்டர் செல்லாது என்பது எங்கேயும் அச்சடித்து ஒட்டப்படவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். திருப்பதிக்கு முடி கொடுக்கப் போனான், செல்லும். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, செல்லும். அக்காள் மகனுக்குக் காது குத்து, செல்லும். ஊரில் தேர், செல்லும்; பல இடங்களில் சர்க்காரே அன்றைக்கு உள்ளூர் விடுமுறை விட்டுவிடுகின்றது. எருது விடும் விழா என்று போனால் உபாத்தியாயரே மாடு எப்படி ஓடிற்று என்று விசாரிப்பார். வேலைக்குப் போனேன் என்று எழுதினால் மாத்திரம் செல்லாது. அது பள்ளிக்கூடத்துக்கு அவமானமாம்!

இதை நான் எங்கேயோ கேட்டுச் சொல்லவில்லை. 1995-ம் வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வானம் பார்த்த நிலம். அந்தக் கார்த்திகையில் ராகி முற்றி நிற்கும்போது என் தகப்பனார் வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து படுத்துவிட்டார். ஆள் வைக்கக் காசில்லை. அறுப்பு, கட்டு, களம், தூற்றல் எல்லாம் அம்மாவும் நானும். முப்பத்தொரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. அதே கார்த்திகையில் என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த ஒரு பையன் மாலை போட்டுக்கொண்டான். மாலை போட்டவன் யூனிபாரம் போட வேண்டியதில்லை, செருப்புப் போட வேண்டியதில்லை, பிரம்படி கிடையாது, வீட்டுக் கணக்குச் செய்யாவிட்டாலும் கேள்வி கிடையாது. பஜனை நாள், பூஜை நாள் என்று அப்போதப்போது நிற்பான். கடைசியில் யாத்திரை என்று பத்து நாள் சேர்ந்தாற்போல் போய்விட்டான். எங்களையெல்லாம் “டேய்” என்று கூப்பிட்ட உபாத்தியாயர் அவனை “வாங்க சாமி” என்று கூப்பிட்டார்.

நான் திரும்பிப் போனபோது லெட்டர் கேட்டார்கள். “ராகி அறுக்கப் போனதால் வரவில்லை” என்று உள்ளதை எழுதிக் கொடுத்தேன். அதை வகுப்பில் உரக்கப் படித்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். தகப்பனை அழைத்து வா என்றார்கள். காலில் கட்டோடு படுத்திருக்கிறவர் எப்படி வருவார்? இரண்டு நாள் வெளியில் நின்றேன். மூன்றாம் நாள் போகவில்லை. பிறகு பெயரை எடுத்துவிட்டார்கள். சாமி மாத்திரம் பத்தாவது பாஸ் செய்தான். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது, நல்ல பையன். என் அம்மா வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்: “வயித்து வலின்னு எழுதியிருந்தா விட்டிருப்பாங்கடா.”

அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. அவள் சொன்னது முழுக்க வாஸ்தவம். தமிழ்நாட்டுப் பிள்ளை தானாகப் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள்ளுகின்ற முதல் இங்கிலீஷ் வாக்கியம் எது? “அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்பதுதான். காய்ச்சல் இருந்தாலும் அதுதான், இல்லாவிட்டாலும் அதுதான். பிள்ளை எழுதுகின்றது பொய் என்று உபாத்தியாயருக்குத் தெரியும். தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். கீழே தகப்பன் கையெழுத்து. எங்கள் எல்லைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகின்ற தகப்பன், மேலே என்ன எழுதியிருக்கின்றது என்றே அறியாமல் கட்டைவிரல் வைப்பான். இப்படிப்பட்ட காகிதத்தை வைத்துக்கொண்டுதான் யார் வந்தான், யார் ஏன் வரவில்லை என்று நம் கல்வி இலாகா கணக்குப் பார்க்கின்றது. உண்மை எழுதினவன் வெளியே, பொய் எழுதினவன் உள்ளே என்று ஒரு ஸ்தாபனம் நடந்தால் அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தது யார்?

நிற்க, இந்தக் காரியத்தில் தொரப்பள்ளிக்கு ஒரு தனிப் பாத்தியதை உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளி அக்கிரகாரத்தில் ஆச்சாரியார் பிறந்த வீடு இருக்கின்றது. சர்க்கார் அதை நினைவு இல்லமாக வைத்திருக்கின்றது. ராஜகோபாலாச்சாரியார் அங்கே பிறந்தது 1878 டிசம்பர் 10. அப்போது இது சேலம் ஜில்லா. அவருடைய தகப்பனார் அந்தக் கிராமத்து முனிசீப்பு. பிள்ளையின் படிப்புக்காகக் குடும்பம் ஓசூருக்கு வந்தது. பையன் ஓசூரில் ஹைஸ்கூல், பெங்களூரில் சென்ட்ரல் காலேஜ், சென்னையில் பிரசிடென்சி காலேஜ், பிறகு சட்டம் என்று படித்துச் சேலத்தில் வக்கீலாகி, கடைசியில் இந்தியாவுக்கே கவர்னர் ஜெனரல் ஆனார். வெகு சந்தோஷம். ஒரு கிராமத்துப் பிள்ளை முழுநாளும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்த ஆச்சாரியார்தான் 1952-ல் சென்னை மாகாணத்துக்கு முதல் மந்திரியாய் வந்து, 1953-ல் கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் படிப்புப் போதும், மீதி வேளையில் தாய் தகப்பன் செய்யும் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டார். குலக்கல்வித் திட்டம் என்று நாடு பெயர் வைத்தது அதற்குத்தான். அவர் சொன்ன காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றேன். பணமில்லை, கட்டடமில்லை, உபாத்தியாயர் போதவில்லை. ஒரே உபாத்தியாயர் இரண்டு வேளையாய்ப் பாடம் சொன்னால் இரண்டு பங்குப் பிள்ளைகள் படிக்கலாமே என்றார். காசு கஷ்டம் பொய்யல்ல. ஆனால் கஷ்டம் வந்தபோது யாருடைய பாதிநாள் வெட்டப்பட்டது? பட்டணத்துப் பிள்ளையுடையதா? இல்லை. சலவைத் தொழிலாளி பிள்ளை பாதிநாள் ஆற்றங்கரையில் நிற்க வேண்டும். சவரத் தொழிலாளி பிள்ளை பாதிநாள் கத்தி தீட்ட வேண்டும். பண்ணையாள் பிள்ளை பாதிநாள் அதே பண்ணையில் மாடு மேய்க்க வேண்டும். சர்க்காரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லீவு லெட்டர்தானே அது? தொரப்பள்ளி முனிசீப்பின் பிள்ளையை, பாதிநாள் வீட்டிலிருந்து மணியக் கணக்குப் பழகு என்று எவராவது என்றைக்காவது நிறுத்தினார்களா என்று நாம் கேட்கின்றோம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1844-ம் வருஷத்து இங்கிலீஷ் பாக்டரிச் சட்டம், எட்டு வயது முதல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆறரை மணி நேரம் மில்லில் வேலை செய்யலாம், தினம் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று ஏற்பாடு செய்தது. அதே மூன்று மணி! லங்காஷயரில் அந்தப் பிள்ளைகளுக்கு அரைநேரப் பிள்ளைகள் என்றே பெயர். காலையில் மில்லுக்குப் போய்விட்டு மத்தியானம் பள்ளிக்கு வருகின்றவன் பாடத்தையா கேட்பான்? பெஞ்சியில் தூங்கினான். அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் 1918-ம் வருஷத்துக் கல்விச் சட்டத்தில் வெள்ளைக்காரன் அந்த முறையைத் தலைமுழுகினான். அவன் குப்பையில் எறிந்ததை முப்பத்தைந்து வருஷம் கழித்து எடுத்துத் துடைத்து இங்கே கிராமத்துப் பிள்ளைகளின் தலையில் வைத்தார்கள்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். பெரியாரும் திராவிடர் கழகமும் எதிர்த்தார்கள், தி.மு.க. மறியல் செய்தது, காங்கிரசுக்குள்ளேயே முணுமுணுப்பு முற்றியது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல் மந்திரியானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. நம் தோழர்கள் இந்தக் கதையை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கி இறங்கிவிடுகின்றார்கள். நான் கேட்கின்றேன், அரைநாள் பள்ளிக்கூடம் உண்மையில் ஒழிந்ததா?

காலை நாலு மணிக்கு ஓசூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடந்து பாருங்கள். ரோஜாவும் சாமந்தியும் விடிவதற்குள் பறித்தாகவேண்டும்; வண்டி பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். குனிந்து பறிக்கிறவர்களில் எத்தனை பேர் ஒன்பது மணிக்கு யூனிபாரம் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையும் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவி செய்யலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கின்றது. குடும்பத் தொழில் எது, கூலித் தொழில் எது என்று அந்த இருட்டில் யார் போய்ப் பார்க்கிறது? அந்தப் பிள்ளை பள்ளிக்கு வருகின்றது, ஆஜர் போடுகின்றார்கள், இரண்டாம் பீரியடில் மேஜைமேல் தலை சாய்கின்றது. ஆஜர் புஸ்தகத்தின்படி அது நூற்றுக்கு நூறு நாள் வந்த பிள்ளை!

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். பெரியவளானால் சடங்கு முடிகிற வரைக்கும் வீட்டோடு நிறுத்துகின்றார்கள். பிறகு மாதா மாதம் தீட்டு என்று சில வீடுகளில் நிறுத்துகின்றார்கள். இதற்கு எழுதுகின்ற லெட்டரிலும் காய்ச்சல்தான். உடம்பு வலித்தால் படுத்திருக்கட்டும். அதற்கு லீவு கொடுப்பது நியாயம், உண்மைக் காரணத்தை எழுதியே கொடுக்கலாம். தீட்டு என்பதற்கு எதற்கு லீவு? வீடுதான் இப்படியென்றால், 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம் எட்டாவது படிக்கும் பெண்ணை மாதவிடாய் என்பதற்காக வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துப் பரீட்சை எழுதவைத்த சேதி நாடெல்லாம் சிரித்தது. அவள் வந்திருக்கின்றாள், ஆஜர் உண்டு, வகுப்புக்குள் மாத்திரம் இடமில்லை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது? அவ்வளவுக்கும் அவள் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படி கலியாணம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில், படிப்பு நின்று வீட்டிலிருந்த பதினாலு வயதுப் பெண்ணுக்குக் கட்டாயக் கலியாணம் செய்து, போகமாட்டேன் என்று அலறினவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதை 2025 மார்ச்சில் நாட்டில் பல பேர் போனில் பார்த்தார்கள். பார்த்து ஆத்திரப்பட்டார்கள். ஆனால் கலியாணம் அன்றைக்கு ஆரம்பமாகவில்லை தோழர்களே! அவள் பெயர் ஆஜர் புஸ்தகத்திலிருந்து போன நாளில் ஆரம்பமாயிற்று. தொடர்ந்து பத்து நாள் ஒரு பெண் வராவிட்டால் பதினோராம் நாள் அவள் வீட்டு வாசலில் யாராவது போய் நிற்பார்கள் என்ற பயம் இருந்தால் பாதிக் கலியாணம் நின்றுபோகும்.

இன்னொரு கணக்கு. 2023 மார்ச் 13-ந் தேதி பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சைக்கு வரவேண்டியவர்களில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வரவில்லை. கொரோனா வருஷத்தில், 2021-ல், பத்தாவது பரீட்சை இல்லாமலே பாஸ் போடப்பட்ட பிள்ளைகள் அவர்கள். பெயர் புஸ்தகத்தில் இருந்தது. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கே வருவதில்லை. பரீட்சை ஹாலில் காலி நாற்காலியைப் பார்த்த பிறகுதான் நாடு திடுக்கிட்டது. அதற்குப் பின்தான் 75-ஐக் கண்டிப்பாக்கு என்ற குரல் பலத்தது. கண்டிப்பாக்கினால் என்ன ஆகும்? அந்த ஐம்பதாயிரம் பேரும் அடுத்த தடவை ஹால் டிக்கெட்டே இல்லாமல் போவார்கள். நாற்காலி காலியாய்த் தெரியாது. சர்க்காருக்கு அவமானம் மிச்சம், அவ்வளவுதான்.

பிள்ளைகளை வரவழைக்க இரண்டு வழி உலகத்தில் பார்த்திருக்கின்றோம். பரோடா மகாராஜா சாயாஜிராவ் 1906-ல் தம் ராஜ்யம் முழுவதும் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கி, பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்கு அபராதம் போட்டார். பெரிய காரியந்தான். அபராதம் ஏழைக்குத்தான் விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் நீதிக் கட்சித் தலைவர் சர். பிட்டி தியாகராயர் 1920-ல் கார்ப்பரேஷன் பள்ளியில், ஆயிரம் விளக்கில், பிள்ளைகளுக்கு மத்தியானம் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். 1956-ல் காமராசர் அதை நாடெங்கும் கொண்டுபோனார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார், இரண்டு வருஷத்தில் அது பத்தாம் வகுப்பு வரை போயிற்று. 2022-ல் ஆரம்பப் பள்ளிக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. சோறு கூப்பிட்டால் பிள்ளை வரும் என்பதில் இந்த நாட்டுக்கு நூறு வருஷத்து அனுபவம் இருக்கின்றது. அப்படியிருக்க, காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடும் மத்தியானச் சோறு பத்தாம் வகுப்போடும் ஏன் நிற்கவேண்டும்? பதினாறு வயதில் பசிக்காதா? பூப்பறித்துவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறுகிற பெண் ஒன்பதாம் வகுப்புக்காரிதானே?

நாம் சொல்லுகின்ற ஏற்பாடு சிக்கலில்லாதது. லீவு லெட்டரில் உண்மையை எழுத விடுங்கள். வேலை என்றால் வேலை, பசி என்றால் பசி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அதுவே. அப்படி எழுதினவனுக்குத் தண்டனை கிடையாது. அவனுடைய விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். யாத்திரை, வேண்டுதல், காது குத்து, கிரகணம், தேர் என்று நின்றவன் நிற்கட்டும். அவனவன் நம்பிக்கை அவனவனுக்கு. ஆனால் அதைச் சும்மா கொடுக்கப்பட்டுள்ள 55 நாளில் கழித்துக்கொள்ளட்டும். அதற்குமேல் மன்னிப்பு வேண்டுமென்றால் வியாதிக்கும் வறுமைக்கும் மாத்திரம். ராகி அறுக்கும் ஊரில் அறுப்புக் காலத்துக்கு ஒரு வாரம் லீவு விட்டுக் கோடையில் ஈடுகட்டினால் ஆகாயம் இடிந்து விழாது. தேருக்கு லீவு விடத் தெரிந்த சர்க்காருக்கு அறுப்புக்கு விடத் தெரியாதா?

நம் தோழர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகின்றேன், கோபித்துக்கொண்டாலும் சரி. சென்ற மாநாட்டுக்கு ஒரு தோழர் ஏழாவது படிக்கும் மகனைச் செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் பள்ளியை நிறுத்தி அழைத்து வந்திருந்தார். “லெட்டரில் என்னங்க எழுதினீங்க?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, “காய்ச்சல்னுதான்” என்றார். சபரிமலைக்குப் போனவன் சபரிமலை என்றாவது எழுதினான்!

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கூடத்திலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பேர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். அதாவது பிள்ளையிடம் கேட்கின்ற அதே 75 தான் பெற்றோரிடமும் கேட்கப்பட்டிருக்கின்றது. அந்தக் கூட்டத்துக்கு உங்கள் ஊரில் யார் யார் வந்தார்கள், யார் யார் வீட்டிலிருந்தே கையெழுத்து அனுப்பினார்கள் என்று அடுத்த தடவை போய்ப் பாருங்கள். போகிறவர்கள், பத்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் “காய்ச்சல்” என்று இருந்தால், சுகாதார இலாகாவுக்கு அல்ல, அந்தந்த வீட்டுக்கு நடந்து போங்கள்.